பாபி என் காதில் சொன்னவை

நம் பள்ளிக்கூடத்து ஆட்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கூடும்போது எல்லோரும் ஒரே டெல்லியைப் பற்றித்தான் பேசுகிறோம். கரோல் பாக் மாடி வீடு, கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ், புசா ரோட்டில் பஸ்ஸைத் தவறவிட்டது, டிபன் பாக்ஸைத் திருடித் தின்றது. நானும் தலையாட்டுகிறேன். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வருஷம் நான் வந்தது வேறு இடத்திலிருந்து. எருமைச் சாணி மிதித்த செருப்போடு வந்தேன். உங்களில் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று டீச்சரிடம் போய்ச் சொன்னாள். இப்போது அவள்தான் எனக்குத் தினமும் காலையில் பூப்படம் போட்டு குட்மார்னிங் அனுப்புகிறாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வீடெல்லாம் கண்ணாடியைத் தேடுகிற வயசு நமக்கு வந்துவிட்டது. இனிமேல் அந்தச் சாணியைப் பற்றிச் சொல்லலாம்.

ஊரின் பெயர் வேண்டாம். சொன்னால் மெட்ரோ ஸ்டேஷன் என்பீர்கள். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே மெட்ரோ கிடையாது. மெயின் ரோட்டில் நின்று பார்த்தால் மருந்துக் கடை, டயர் கடை, டிராவல்ஸ் போர்டு. இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு சந்து. அதற்குள் நுழைந்தால் டெல்லி முடிந்துவிடும். சுற்றியிருந்த வயல்களை அரசாங்கம் எப்போதோ எடுத்துக்கொண்டு காலனிகள் கட்டிவிட்டு, நடுவிலிருந்த ஊரை மட்டும் அப்படியே விட்டுவிட்டது. வயல் போன பிறகு ஊர்க்காரர்கள் வீட்டின் மேல் வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். கட்டட விதி எதுவும் அந்த எல்லைக்குள் செல்லாது என்பதால் ஒவ்வொரு மாடியும் கீழ் மாடியைவிட ஒரு சாண் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சந்தில் நின்று நிமிர்ந்தால் வானம் ஒரு ரிப்பன் அகலத்துக்குத் தெரியும். கேஸ் சிலிண்டரை உருட்டித்தான் கொண்டு வருவார்கள். சாயங்காலம் எருமைகள் திரும்பும்போது எதிரில் வருகிறவர்கள் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நின்று வழிவிட வேண்டும். எருமை யாருக்காகவும் அவசரப்படாது.

ஊர்க்காரர்கள் கன்னாட் பிளேஸுக்குப் போவதை "டெல்லிக்குப் போகிறேன்" என்றுதான் சொல்வார்கள். அப்பாவுக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வரும். அம்மாவுக்கு வராது. கரோல் பாக்கில் இருந்த ஒற்றை அறையை அதன் சொந்தக்காரர் கடைக்கு விட்டுவிட்டதால் நாங்கள் அங்கே வந்து விழுந்திருந்தோம். குவார்ட்டர்ஸுக்கு எழுதிப்போட்டு அப்பாவின் முறை வருவதற்காகக் காத்திருந்தோம். பெட்டிகளில் பாதியை அம்மா பிரிக்கவே இல்லை. பிரித்தால் அங்கேயே தங்கிவிடுவோம் என்று பயந்தாளோ என்னவோ.

எங்களுக்கு மாடி. கீழே வீட்டுக்காரர். தெருவைப் பார்த்த முன்னறையில் ஒரு கயிற்றுக் கட்டில் போட்டு, ஹூக்காவோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார் அந்தப் பெரியவர். ஊரே அவரைத் 'தாவூ', அதாவது பெரியப்பா, என்று கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன். முன்னறைக்குப் பின்னால் ஒரு நடுக்கதவு. அதைத் தாண்டினால் முற்றம், அடுப்பு, கைப்பம்பு, கொட்டகையில் இரண்டு எருமைகள். அது தாவூவின் மருமகளுடைய ராஜ்ஜியம். அவளை நான் பாபி என்று கூப்பிட்டேன். அண்ணி என்று அர்த்தம். பாபியின் புருஷன் தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். விடிவதற்கு முன்னால் போனால் ராத்திரிதான் வருவான். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. இரண்டு வயசு இருக்கும், இன்னும் பேச்சு சரியாக வரவில்லை. மாமியார் நாங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தவறிப்போயிருந்தாள். அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் போனதால்தான் எனக்கு அந்த வீட்டில் ஒரு உத்தியோகம் கிடைத்தது.

மாமனார் முன்னால் மருமகள் முகத்தைக் காட்டக் கூடாது. அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். குரலையும் காட்டக் கூடாது என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. அவர் பேசலாம், அவள் கேட்கலாம். அவள் சொல்ல வேண்டியதை இன்னொருவர் வாய் வழியாகத்தான் சொல்ல வேண்டும். அதுவரை மாமியார் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போனபின் வீட்டில் வாய் இல்லை.

ஒரு சாயங்காலம் பால் வாங்கத் தூக்கோடு கீழே போனேன். தாவூதான் முன்னறையில் உட்கார்ந்து எல்லோருக்கும் பால் அளந்து ஊற்றுவார். நடுக்கதவுக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. ஒரு கை வந்து என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தது. முக்காட்டை விலக்கிக்கொண்டு என் காதில் வாயை வைத்துக் காற்றாகச் சொன்னாள். அவர்கள் பேசியது ஹரியானா வாடை வீசும் இந்தி. எனக்கு வந்த தமிழில் சொல்கிறேன்.

"தாவூகிட்ட சொல்லு, எருமைக்குப் புண்ணாக்கு தீர்ந்துபோச்சு."

"இங்கதானே இருக்கார், நீங்களே சொல்லுங்களேன்" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முன்பற்களுக்கு நடுவே ஒரு இடைவெளி. அந்தத் தெருவில் பெண்களைத் தவிர அவள் பல்லைப் பார்த்தவர்கள் குறைவு. நான் கதவைத் தாண்டி வந்து, கை நீட்டினால் தொடும் தூரத்திலிருந்த தாவூவிடம் புண்ணாக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஹூக்காவை ஒரு இழுப்பு இழுத்தார்.

"நாளைக்கு வந்துடும்னு சொல்லு, பிட்டியா." மகளே என்பதைத்தான் அப்படிச் சொல்வார்.

திரும்பிப் போய்ச் சொன்னேன். "அச்சா, காதுல விழுந்துச்சு" என்றாள் பாபி, அதையும் காற்றாகத்தான்.

இப்படியாக அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் அந்த வீட்டின் வாயாக இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை மாடியில் எறிந்துவிட்டுக் கீழே ஓடுவேன். அடுப்பில் வறட்டி புகையும். வெந்துகொண்டிருக்கும் கடுகுக் கீரை மணமும் எருமை மூச்சும் சேர்ந்து முற்றம் கதகதப்பாக இருக்கும். மாடியில் எங்கள் சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியாது. அம்மா திருநெல்வேலிக்காரி. அந்தக் குளிரைத் தன்னோடு நேரடியாகச் சண்டைக்கு வந்த ஆளாகவே நினைத்தாள்.

தாவூவுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. முற்றத்துப் பக்கம் வர வேண்டுமானால் தூரத்திலிருந்தே கனைத்துக்கொண்டு, தடியைத் தரையில் இழுத்துக்கொண்டு வருவார். பாபி முக்காட்டை இழுத்துக்கொள்ள நேரம் கொடுத்து, சுவரைப் பார்த்தபடி கைப்பம்பில் முகம் கழுவிவிட்டுப் போய்விடுவார். அவர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் பாபி எருமையோடுகூட நாக்கைச் சொடுக்கித்தான் பேசுவாள். குழந்தை அழுதால் தூக்கித் தோளில் போட்டுத் தட்டுவாள், தாலாட்டு கிடையாது.

செய்திகளை நான் அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. பாபியின் பேச்சு கரடுமுரடு. "கெழவர்கிட்ட சொல்லு, ஹூக்கா நெருப்பைக் கட்டில் காலுக்குப் பக்கத்துல கொட்டினா ஒருநாள் வீடே எரியும். அப்ப எந்தக் கெணத்துல போய் விழுவார்னு கேளு" என்பாள். எனக்குத் தெரிந்ததோ இந்திப் பாடப்புத்தகத்து இந்தி. அதிலும் பரீட்சையில் நல்ல மார்க் வாங்குகிற இந்தி. தாவூ முன்னால் கையைக் கட்டி நின்று, "தாவூஜி, நெருப்பைக் கட்டிலிலிருந்து சற்றுத் தள்ளிக் கொட்டுமாறு பாபி தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறார்" என்பேன்.

தாவூ மீசையைத் தடவிக்கொள்வார். வந்து உட்கார்ந்திருக்கும் ஹூக்காக் கூட்டாளிகளிடம், "பார்த்தியா, மருமக பேச்சுல எவ்வளவு மரியாதை. நல்ல குடும்பத்துப் பொண்ணு" என்பார். நடுக்கதவுக்குப் பின்னால் பாபி முக்காட்டுத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குவாள்.

அம்மாவுக்குத் தாவூவைக் கண்டாலே ஆகாது. பாபியைப் பார்க்கும்போதெல்லாம் உச்சுக்கொட்டுவாள். "ஒரு மனுசிய இப்படியா மூடி வைப்பாவ? எல்லாம் அந்தக் கெழவன் பண்ணுத வேலை" என்பாள். அந்த ஊரில் ஆண் குழந்தை பிறந்தால் வெண்கலத் தட்டை எடுத்துத் தட்டி ஊருக்குச் சொல்வார்கள். பாபிக்குப் பெண் பிறந்தபோது தட்டுச் சத்தம் கேட்கவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மாள் யாரோ சொல்லியிருந்தாள். தாவூவும் வருகிற போகிறவர்களிடமெல்லாம், மேலே இன்னொரு மாடி கட்டுவதற்குள் ஒரு பேரன் வந்துவிட்டால் போதும் என்பார். அம்மா இரண்டையும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டாள். ஆனால் தண்ணீர் மோட்டார் ஓடாதபோது அவரிடம் போய்ச் சண்டை போடுகிறவளும் அவள்தான். அவளுக்கு முக்காட்டு விதி கிடையாது. மதராசிப் பெண்பிள்ளை, வெளியாள். தாவூ அவளைக் கண்டால் எழுந்து நின்றே பேசுவார். அம்மாவின் இந்தி காய்கறி வாங்குகிற இந்திதான். சண்டைக்கு அது போதுமானதாக இருந்தது.

குளிர் விட ஆரம்பித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர், கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்தவர், மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா காலையிலிருந்து தரையைத் தேய்த்தாள். வறட்டிப் புகை வரக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தினாள். முறுக்கும் காபியும் என்னிடம் கொடுத்தனுப்பினாள். நான் கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையோடு முகத்தை மூடிக்கொண்டு, தட்டோடு போனேன். அந்த மாமாவைப் பார்க்காமல் மாமியிடம் போய்க் குனிந்து அவள் காதில், "மாமாவுக்குச் சர்க்கரை போதுமான்னு கேளுங்க" என்றேன்.

மாமி சிரித்து, மாமா சிரித்து, அப்பாவும் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. அவர்கள் படியிறங்கும் வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"ஏட்டி, அந்தத் துண்ட எடு முகத்துலேர்ந்து. அவிய வீட்டு வேலைக்காரியா நீ? நாளைக்கு ஆபீஸ் பூரா இதத்தான் சொல்லிச் சிரிப்பாவ. இனிமே பால் வாங்கப் போனா வாங்கிட்டு வந்துரணும். அந்தக் கதவத் தாண்டி உள்ள போன, கால ஒடிச்சிருவேன்."

அப்பா குறுக்கே வரவில்லை. எங்கள் வீட்டில் அவருடைய வேலை பெரும்பாலும் குறுக்கே வராமல் இருப்பதுதான்.

அடுத்த நாளிலிருந்து தூக்கை நீட்டி, பாலை வாங்கி, திரும்பி வந்தேன். நடுக்கதவுக்குப் பின்னால் வளையல் குலுங்கும். நான் திரும்பாமல் படியேறுவேன். தாவூ ஒரு நாள், "என்ன பிட்டியா, பஹூ ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டார். பஹூ என்றால் மருமகள். நான் தூக்கை நீட்டினேன். அவர் கொஞ்ச நேரம் நடுக்கதவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அளவுச் செம்பை வாளிக்குள் போட்டார்.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு மத்தியானம் பாபி எங்கள் மாடிக்கு வந்தாள். அதுவரை அவள் படியேறி வந்ததில்லை. தாவூ எங்கோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். அம்மா மொட்டை மாடிக் கதவருகில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே ஜன்னலுக்குக் கீழே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்து எழுந்தேவிட்டேன். பாபி கையைக் காட்டி என்னை அங்கேயே உட்காரச் சொன்னாள். அம்மாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

அப்போதுதான் முதல் தடவையாக அவளுடைய நிஜமான குரலைக் கேட்டேன். கனத்த, கட்டையான குரல். அந்த ஒல்லி உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத குரல்.

எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். கிளினிக், மெஷின், நாளைக்கழித்து, பாபு. தாவூவைத்தான் அந்த வீட்டில் பாபு என்பார்கள். மீதியை ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னதிலிருந்தும், வயசு ஏறி விவரம் வந்த பிறகும் தெரிந்துகொண்டேன். பாபி மறுபடி உண்டாகியிருந்தாள். மெயின் ரோட்டில் புதிதாகத் திறந்த ஒரு கிளினிக்கில் மெஷின் வைத்து வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொன்னார்கள். புருஷன் அங்கே சொல்லி வைத்துவிட்டான். பெண்ணாக இருந்தால் அதே இடத்தில் கலைத்துவிடுவார்கள். பாபு பேரன் கேட்கிறார், அவர் சொல்லிவிட்டார், இனிப் பேச்சில்லை என்று அவளிடம் சொல்லியிருந்தான். தனக்கு இஷ்டமில்லை என்பதை அவள் பாபுவிடம் சொல்ல வேண்டும். இதைப் பத்து வயசுப் பெண்ணின் வாயில் கொடுத்து அனுப்ப முடியாது. அதனால்தான் அம்மாவிடம் வந்தாள். நீங்கள் அவரோடு பேசுகிறவர், எனக்காக நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

"நீ என்ன சொன்ன?" என்று அப்பா கேட்டார்.

"என்னத்தச் சொல்ல? யார்ட்டப் போயிச் சொல்லச் சொல்லுதா பாருங்க. பேரன் வேணும்னு சொன்னதே அந்தக் கெழவன்தானே. அவன்ட்டயே போயிச் சொன்னா கேப்பானா? ஒண்ணும் செய்ய முடியாது தாயின்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"நல்லதாப் போச்சு. அது அவிய குடும்ப விசயம். நம்ம குடியிருக்க வந்தவிய. மதராசிக்கு வீடு குடுக்கவே யோசிக்கான். குவார்ட்டர்ஸ் வார வரைக்கும் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கணும்."

அம்மா அதற்குமேல் சாப்பிடவில்லை. தட்டில் கை கழுவிவிட்டு எழுந்தாள். அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. அடுத்த நாள் முழுவதும் யார்மேலோ கோபமாகப் பாத்திரங்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் கீழே போகவில்லை.

அந்தச் சாயங்காலம் நான் வழக்கம்போலத் தூக்கோடு இறங்கினேன். விடிந்தால் கிளினிக். அது எனக்குத் தெரியாது. ஏதோ சரியில்லை என்பது மட்டும் பாத்திரச் சத்தத்திலிருந்து தெரிந்திருந்தது. தாவூ கல்யாணத்திலிருந்து திரும்பி, தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டு, தோளில் துண்டோடு கட்டிலில் இருந்தார். கூட்டாளிகள் யாரும் இன்னும் வரவில்லை. பால் வாளியை வழக்கமாக நடுக்கதவில் வைத்துவிட்டு வளையலைக் குலுக்குவாள் பாபி. அன்று வளையல் சத்தம் இல்லை. அவளே வாளியைத் தூக்கிக்கொண்டு, முக்காட்டை மார்பு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவைத் தாண்டி முன்னறைக்கு வந்துவிட்டாள். வாளியைக் கட்டிலருகில் வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை.

தாவூ சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "பிட்டியா, என்னன்னு கேளு" என்றார்.

கதவைத் தாண்டி நான் போகவில்லை, அவள்தான் தாண்டி வந்திருக்கிறாள், ஆகவே அம்மா காலை ஒடிக்க முடியாது. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு நான் அவளிடம் போய் எட்டி, காதைக் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு சொல்வதற்கும் தயாராகத்தான் இருந்தேன். பாபி குனியவில்லை. தவிடும் பால் நுரையும் ஒட்டிய கையால் என் வாயை மெல்ல மூடினாள்.

"பாபு" என்றாள்.

தாவூவின் முதுகு அப்படியே நின்றுவிட்டது.

"பாபு, நாளைக்கு என்னைக் கிளினிக்குக் கூட்டிப்போறாங்க. நீங்க பேரன் கேட்டீங்களாம். வயித்துல இருக்கிறது பொண்ணுன்னு மெஷின் சொன்னா அங்கேயே கலைச்சிடுவாங்களாம். நான் போக மாட்டேன். போகணும்னா அதை நீங்களே சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்லி அனுப்ப வேணாம். என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே மற்ற கையால் முக்காட்டைத் தூக்கித் தலைக்கு மேல் போட்டாள்.

தாவூ பாதி திரும்பியிருந்தார். அவள் கை மேலே போவதைப் பார்த்ததும், தோளிலிருந்த துண்டை இழுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டார். நெற்றியிலிருந்து மீசைக்குக் கீழே வரைக்கும். மரியாதைக்காகச் செய்தாரா, பயத்தில் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் முகம் திறந்து நிற்கிறாள், அவர் முகத்தை மூடி உட்கார்ந்திருக்கிறார். நடுவில் நான், வாய் பொத்தப்பட்டு. துண்டு அவர் மூச்சுக்கு உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது.

"நான் கேட்டேன்னு யார் சொன்னது?" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

"உங்க பிள்ளை."

தெருவில் எருமைக் கழுத்துச் சங்கிலி ஒன்று உரசிக்கொண்டு போனது.

"பேரன் வேணும்னு சொன்னது நிஜம். எல்லார்கிட்டயும்தான் சொன்னேன். இதை நான் சொல்லலை. இது எனக்குத் தெரியவே தெரியாது." மறுபடி கொஞ்சம் மூச்சு வாங்கினார். "என்கிட்ட யார் என்ன சொல்றாங்க இந்த வீட்டுல. நீ எங்கேயும் போக வேணாம், பஹூ. அவன் வரட்டும், நான் பேசிக்கிறேன்."

பாபி முக்காட்டை இறக்கிவிட்டுக்கொண்டாள். என் வாயிலிருந்து கையை எடுத்து, அதே ஈரக் கையால் என் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

தாவூ நல்லவர் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் சொன்ன ஆசைதான் அந்த வீட்டில் வேறு ஆள் கையில் உத்தரவாக மாறியிருந்தது. அவருக்கு எதிரில் வாய் திறக்கக் கூடாது என்ற ஏற்பாட்டினால் அவருக்கே விஷயம் எட்டவில்லை. அந்த ஏற்பாடு ஆரம்பத்திலிருந்தே அவருக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. அன்று பஸ் டூட்டி முடிந்து மகன் வந்தபிறகு கீழே நடந்த கூச்சல் எங்கள் தரை வழியாகக் கேட்டது. ஹூக்காவோ வேறு எதுவோ உடைந்தது. அம்மா படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். விடிந்து பார்த்தால் மகன் பஸ்ஸுக்குப் போயிருந்தான், பாபி எருமையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததை நான் அப்போது சொன்னேன். அம்மா நம்பவில்லை. "போட்டி, கத விடாத" என்றாள். அப்புறம் கீழே எட்டிப் பார்த்து, பாபி இருப்பதைக் கண்டு, முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள். "நான் அவன்ட்டப் போயிச் சொல்லியிருக்கலாம்" என்று ஒரே ஒரு தடவை, என்னிடம் இல்லை, அடுப்பிடம் சொன்னாள்.

மே மாதம் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பிரிக்காத பெட்டிகளை அப்படியே டெம்போவில் ஏற்றினோம். சந்துக்குள் டெம்போ வராது என்பதால் மெயின் ரோடு வரை தலைச்சுமையாகத்தான் போயின. என் பால் தூக்கை அந்த அவசரத்தில் கீழ்ப்படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மழைக்காலம் முடிந்து அப்பா எங்களிடமே தங்கிவிட்ட ஒரு சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனார், தூக்கை மறந்துவிட்டு வெறும் கையோடு வந்தார். பாபிக்குப் பெண் பிறந்திருந்தது.

"தட்டு தட்டுனாவளாமா?" என்று அம்மா கேட்டாள்.

"அதெல்லாம் நான் எப்படிக் கேக்க முடியும்? முக்காடு போட்டுக்கிட்டுத்தான் இருக்கு அந்தப் பொண்ணு. ஆனா கெழவர் கட்டில்ல இருந்துக்கிட்டே, பஹூ, விருந்தாளிக்கு ஒரு சாய்னு சத்தம் குடுத்தார். உள்ளேயிருந்து, பால் இல்ல, கொஞ்சம் பொறுங்கன்னு பதில் வந்துது. ஆம்பளைக் குரல் மாதிரி இருந்துது. யாரோன்னு நெனச்சேன்."

அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பது வயசு இருக்க வேண்டும். நான் அவளைப் பார்த்ததில்லை. போன வருஷம் மெட்ரோவில் அந்த ஸ்டேஷனில் இறங்கி அந்தச் சந்து எங்கே என்று தேடினேன். மருந்துக் கடையும் டயர் கடையும் இல்லை. எல்லாச் சந்தும் ஒன்றுபோலிருந்தது, எருமை எதுவும் எதிரில் வரவில்லை. திரும்பிவிட்டேன். போய்த்தான் என்ன சொல்லியிருப்பேன்?

ஒன்றை விட்டுவிட்டேன். அந்தச் சாயங்காலம் பாபி உள்ளே போன பிறகு நடந்தது.

தாவூ துண்டை எடுக்கவே இல்லை. நான் தூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பால் இன்னும் அளந்தாகவில்லை, வாளியில் நுரை அடங்கிக்கொண்டிருந்தது. நெருப்பை அவர் அன்றைக்கும் கட்டில் காலுக்குப் பக்கத்தில்தான் கொட்டியிருந்தார்.

"போயிட்டாளா?" என்றார்.

"போய்ட்டாங்க, தாவூஜி."

துண்டை இறக்கினார். கண் சிவந்திருந்தது. நடுக்கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், என் வாயையே பார்த்தார்.

"அவ குரல் எப்பவும் அப்படித்தானா?"

"ஆமா."

"பேச்சும் அப்படித்தானா?"

நான் தலையாட்டினேன். அவர் அளவுச் செம்பைக் கையில் எடுத்தார், பாலை முகக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இத்தனை நாளா நான் உன்கூடத்தான் பேசிட்டிருந்திருக்கேன், பிட்டியா" என்றார்.